முன்கூடத்தில் நிறுத்தப்பட்ட மனிதர்: கொச்சி ஆபிரகாம் பராக் சேலம்

வந்தாரை வாழ வைப்பது தமிழர் பண்பு என்று தமிழ்ப்பள்ளியில் கட்டுரை எழுதிப் பழகியவர்கள் நாம். வந்தவருக்கு வாழை இலை போட்டுச் சோறிடுவது நமக்கு எளிது. ஆனால், சாப்பிட்டவர் எழுந்து போகாமல், இனி இதுவே என் வீடு, உங்கள் சாமியே என் சாமி என்று சொன்னால் என்ன செய்வோம்? ஆலயத்தில் அவரை முன்வரிசையில் நிற்க விடுவோமா? அவர் வீட்டுப் பிள்ளைக்கு நம் வீட்டுப் பிள்ளையைக் கட்டிக் கொடுப்போமா?

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. யூத சமயம் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளாக இதைப் பற்றி வாதிட்டு வந்திருக்கிறது. அந்த நீண்ட வாதம் நம் தாயகத்துக்கு மிக அருகில், கொச்சி நகரின் ஒரே ஒரு தெருவில், ஒரு மனிதரின் வாழ்க்கையாகவே நடந்து முடிந்தது. அந்த மனிதர் ஆபிரகாம் பராக் சேலம். 1882இல் பிறந்து 1967இல் மறைந்தவர். பெயரைக் கேட்டதும் மாம்பழத்துக்குப் பெயர்போன சேலம் நினைவுக்கு வரலாம். அந்த ஊருக்கும் இவருக்கும் தொடர்பில்லை. இவர் யூதர், வழக்கறிஞர், தொழிற்சங்கவாதி, காங்கிரஸ்காரர். யூத காந்தி என்று அவர் காலத்தவர்கள் அவரை அழைத்தார்கள். நம் மாணவர்களில் பலர் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள் என்பதால் இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

முசிறி முதல் மட்டாஞ்சேரி வரை

சேலத்தின் கதையைப் புரிந்துகொள்ள முதலில் கொச்சி யூதர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். சங்க இலக்கியத்தில் நாம் படித்த முசிறித் துறைமுகம் கேரளக் கரையில் இருந்தது. மிளகு வாங்க வந்த வணிகர்களோடு யூதர்களும் அக்கரைக்கு வந்து குடியேறினார்கள். கி.பி. 1000ஆம் ஆண்டை ஒட்டிச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு ஒரு செப்பேடு வழங்கினான். அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையும், பகல் விளக்கு, பல்லக்கு, குடை முதலிய 72 சிறப்புரிமைகளும் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதன் எழுத்து வட்டெழுத்து. மலையாளம் தமிழிலிருந்து முழுமையாகப் பிரியாத காலத்து மொழி அது. யூதர்கள் பொன்போல் காத்து வந்த அந்த ஆவணத்தின் பல சொற்களை ஒரு தமிழ் மாணவனால் இன்றும் அடையாளம் காண முடியும்.

1492இல் ஸ்பெயின் தன் யூதக் குடிமக்களை நாட்டைவிட்டு விரட்டியது. அவர்களில் சிலரும், பின்னர் சிரியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்களும் கொச்சியை அடைந்தார்கள். இவர்களைப் பரதேசி யூதர்கள் என்றார்கள். நம் பேச்சுவழக்கில் பரதேசி என்றால் பிச்சைக்காரர். அங்கே அச்சொல் தன் பழைய பொருளில், வெளிநாட்டார் என்ற பொருளில் நின்றது. 1568இல் மட்டாஞ்சேரியில், மன்னரின் அரண்மனையை ஒட்டி, அவர்கள் ஒரு ஜெப ஆலயம் கட்டினார்கள். பழையன்னூர் பகவதி கோயிலும் அந்த ஜெப ஆலயமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஜெப ஆலயத்துக்குள் நுழைபவர் செருப்பைக் கழற்ற வேண்டும். தரையில் சீனாவிலிருந்து வந்த, கையால் வரையப்பட்ட நீலநிற ஓடுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன.

முன்பே அங்கு வாழ்ந்த யூதர்களை மலபாரி யூதர்கள் என்றும் கறுப்பு யூதர்கள் என்றும் அழைத்தனர். புதிதாக வந்தவர்கள் வெள்ளை யூதர்கள் ஆனார்கள். எண்ணிக்கையில் மலபாரிகளே பெரும்பான்மை. ஆனால், வந்து சேர்ந்த சில தலைமுறைகளுக்குள் பரதேசிகள் தாங்களே உயர்ந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். மலபாரிகளோடு பெண் கொடுத்துப் பெண் எடுக்க மறுத்தார்கள். சுற்றிலும் சாதி கோலோச்சிய மண்ணில் அவர்களும் ஒரு சாதியாகவே மாறிப் போனார்கள்.

அடிமையாக வந்து யூதரானவர்கள்

மூன்றாவதாக ஒரு பிரிவும் இருந்தது. அதன் பெயர் மெஷுக்ராரிம். விடுவிக்கப்பட்டவர்கள் என்பது இந்த எபிரேயச் சொல்லின் பொருள். யூத வணிகர்கள் வீட்டு வேலைக்காக அடிமைகளை வாங்கினார்கள். கேரளத்தில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1850களில்தான். யூத சமயச் சட்டப்படி, யூதர் வீட்டு அடிமை முழுக்குப் போட்டுச் சமயக் கடமைகளில் பலவற்றைப் பின்பற்ற வேண்டும். எசமானர் அவரை விடுதலை செய்யும்போது அந்த மதமாற்றம் நிறைவு பெறுகிறது. அன்று முதல் அவர் முழு யூதர். அவருக்கும் மற்ற யூதருக்கும் பொதுக் கடமைகளில் வேறுபாடு கிடையாது.

தாமாக விரும்பி யூதராக வருபவருக்கும் வழி இருக்கிறது. அந்த வழி எளிதன்று. முதலில் அவரைத் திருப்பி அனுப்பிப் பார்ப்பது மரபு. மூன்று முறை மறுக்க வேண்டும் என்றுகூடச் சொல்வார்கள். அதையும் மீறி உறுதியாக நிற்பவர் சமயக் கல்வி கற்று, மூவர் கொண்ட சமய நீதிமன்றத்தின் முன் கடமைகளை ஏற்றுக்கொண்டு, முழுக்குக் குளத்தில் மூழ்கி எழ வேண்டும். ஆண்களுக்கு விருத்தசேதனமும் உண்டு. பிறகு அவர் ஆபிரகாமின் பிள்ளை என்றே பெயர் சூட்டப்படுகிறார்.

கதவு ஏன் இவ்வளவு கடினமாகத் திறக்கிறது? அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. கிறிஸ்தவம் ரோமப் பேரரசின் சமயமான பிறகு, ஒருவரை யூதராக்குவது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. இஸ்லாமிய ஆட்சிகளிலும் அதற்குத் தடை இருந்தது. ஒரு புதியவரைச் சேர்த்துக்கொண்டால் முழுச் சமூகமும் ஆபத்தில் சிக்கலாம் என்ற நிலையில், தயக்கமே பாதுகாப்பாயிற்று. மதம் மாறி வருபவரைச் சுமையாகக் கருதும் கருத்தும் பழைய சமய நூலான தல்மூதில் இடம்பெற்றிருக்கிறது.

ஆனால் அதே தல்மூத், வந்தவரிடம் அவர் பழைய வாழ்க்கையைச் சுட்டிக்காட்டிக் குத்திப் பேசுவதைப் பாவம் என்கிறது. எகிப்தில் நீங்களும் அந்நியராக இருந்தீர்கள், ஆகவே அந்நியரை நேசியுங்கள் என்ற கட்டளை தோராவில் பல இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. தாவீது மன்னரின் கொள்ளுப்பாட்டியான ரூத், மோவாப் நாட்டிலிருந்து வந்த அயல்நாட்டுப் பெண். அவளுடைய கதையைப் பெந்தெகொஸ்தே திருநாளில் யூதர்கள் ஆண்டுதோறும் வாசிக்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் ஒபதியா என்ற மதம் மாறியவர், எங்கள் முன்னோரின் கடவுளே என்று ஜெபத்தில் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று மைமோனிடிஸ் என்ற பேரறிஞருக்கு எழுதிக் கேட்டார். தயங்காமல் சொல்லலாம், ஆபிரகாம் உங்களுக்கும் தந்தையே, நமக்குள் எந்த வேறுபாடும் இல்லை என்ற கருத்தில் அவருக்குப் பதில் வந்தது.

எனவே கதவு திறக்கத் தாமதமாகலாம். திறந்த பிறகு உள்ளே வந்தவரை வாசற்படியிலேயே நிறுத்தி வைக்கச் சட்டத்தில் இடமில்லை. கொச்சியில் நடந்தது இதற்கு நேர்மாறானது.

சட்டம் சொன்னது, வழக்கம் செய்தது

பரதேசி ஜெப ஆலயத்தில் மெஷுக்ராரிம் பெஞ்சுகளில் உட்கார முடியாது. முன்கூடத்திலோ தரையிலோதான் அவர்களுக்கு இடம். தோராவை வாசிக்க அவர்களை மேடைக்கு அழைப்பதில்லை. வெள்ளை யூதரோடு திருமண உறவு கிடையாது. இறந்தால் புதைக்கும் இடமும் வேறு. கொள்ளுத்தாத்தா காலத்திலேயே விடுதலை பெற்ற குடும்பம், தலைமுறை தலைமுறையாகச் சமய விதிகளைத் தவறாது காத்த குடும்பம் என்றாலும் நிலைமை மாறவில்லை. விடுவிக்கப்பட்டவர் என்ற பெயரே, அவர்கள் முன்பு அடிமைகள் என்பதை நாள்தோறும் நினைவூட்டியது. குத்திக்காட்டாதே என்று தல்மூத் தடுத்ததை அந்தப் பெயரே செய்துவிட்டது.

இதில் வியப்பு என்னவென்றால், இந்த வழக்கு முன்பே தீர்க்கப்பட்ட ஒன்று. 16ஆம் நூற்றாண்டில் கொச்சியிலிருந்து எகிப்துக்கு ஒரு கேள்வி போனது. அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று சொல்லப்படும் யூதர்களோடு மண உறவு கொள்ளலாமா என்பதே அது. கெய்ரோவிலிருந்த தாவீது இப்னு சிம்ரா என்ற பெரும் சமய அறிஞர் பதில் எழுதினார். ஐயம் இருந்தால் அவர்கள் ஒருமுறை முழுக்குச் சடங்கைச் செய்துகொள்ளட்டும். பிறகு தடையில்லை என்பது அவர் தீர்ப்பு. பின்னர் அலெக்சாந்திரியாவின் யாக்கோபு காஸ்த்ரோவும் அதையே சொன்னார். கொச்சிப் பரதேசிகள் இந்தத் தீர்ப்புகளைப் பின்பற்றவில்லை. உலகின் தலைசிறந்த யூத அறிஞர்களைவிட உள்ளூர் வழக்கமே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

19ஆம் நூற்றாண்டில் மெஷுக்ராரிமில் சிலர் பொறுமை இழந்தார்கள். சேலத்தின் குடும்பத்து மூத்தவரான அவோ என்பவர் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். யூதத் தெருவை விட்டு வெளியேறி, பிரிட்டிஷார் ஆட்சியிலிருந்த கொச்சிக் கோட்டைப் பகுதியில் தனியாக ஜெபம் நடத்தினார்கள். ஆனால் அங்கே நோய் பரவிப் பலர் இறந்தனர். எஞ்சியவர்கள் பழைய தெருவுக்கே திரும்பி, பழைய தரையிலேயே உட்கார்ந்தார்கள். தனிக்கோயில் கட்டிப் பிரிந்து போகும் வழி அவ்வாறு முடிந்தது.

சென்னையில் படித்த வழக்கறிஞர்

இப்படிப்பட்ட குடும்பத்தில் 1882இல் சேலம் பிறந்தார். தாய் ஒருவரே அவரை வளர்த்து ஆளாக்கினார். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்தார். பிறகு சென்னைக்குச் சென்று சட்டம் பயின்றார். மெஷுக்ராரிம் பிரிவில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற முதல் மனிதர் அவரே. நம்மில் பலர் வீட்டிலேயே முதல் பட்டதாரிகள். அந்த உணர்வு எப்படிப்பட்டது என்பது நமக்குத் தெரியும். பட்டம் வாங்கி ஊர் திரும்பினால் ஊர் நம்மை வேறு மாதிரி பார்க்கும் என்று எதிர்பார்ப்போம். சேலம் திரும்பி வந்து எர்ணாகுளத்தில் உயர்நீதிமன்ற வழக்கறிஞரானார். ஆனால் ஓய்வு நாளில் ஜெப ஆலயத்துக்குப் போனால் அவருக்கு அதே முன்கூடம்தான்.

அவருடைய பொதுவாழ்க்கை விரிந்துகொண்டே போனது. தொழிலாளர் பக்கம் நின்று தொழிற்சங்கப் பணியில் ஈடுபட்டார். 1925 முதல் 1931 வரையிலும், மீண்டும் 1939 முதல் 1945 வரையிலும் கொச்சி இராச்சியத்தின் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். மட்டாஞ்சேரி ஜெப ஆலயத்தைப் பற்றி 1929இல் ஒரு நூலும் எழுதி வெளியிட்டார். தன்னை முழுமையாக ஏற்காத ஆலயத்தின் வரலாற்றை அவரே எழுதினார் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அந்த ஆலயம் தனக்கும் சொந்தமானது என்பதில் அவருக்கு ஐயமே இருக்கவில்லை.

1929 டிசம்பரில் லாகூரில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸ் மாநாட்டில் அவர் கலந்துகொண்டார். இந்தியாவுக்கு முழு விடுதலை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றிய மாநாடு அது. அதே டிசம்பர் மாதத்தில்தான் தந்தை பெரியார் மலாயாவுக்கு வந்திருந்தார். எங்கள் ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டில் அவர் சாதி ஒழிப்பைப் பற்றிப் பேசினார். அந்தப் பெரியார், ஐந்தாண்டுகளுக்கு முன் கொச்சிக்குத் தெற்கேயுள்ள வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லாரும் நடக்க உரிமை கேட்டுச் சிறை சென்றவர். வைக்கம் சத்தியாகிரகம் 1924-25இல் நடந்தது. குருவாயூர் சத்தியாகிரகம் 1931-32இல் நடந்தது. கேரள மண்ணே கோயில் கதவைத் தட்டிக்கொண்டிருந்த காலம் அது. யூதத் தெருவிலும் ஒருவர் தட்டினார்.

ஆலயத்துக்குள் சத்தியாகிரகம்

முதலில் சேலம் ஜெப ஆலயத்துக்குப் போவதையே நிறுத்திப் புறக்கணித்துப் பார்த்தார். அதனால் யாருக்கும் இழப்பு ஏற்படவில்லை. கீழே உட்காருபவர் வராவிட்டால் பெஞ்சில் உட்காருபவருக்கு என்ன கவலை? பிறகு அவர் காந்தியடிகளின் வழியைக் கையிலெடுத்தார். வெளியேறுவதற்குப் பதிலாக உள்ளே சென்றார். மறுக்கப்பட்ட உரிமையை, யாரையும் தாக்காமல், பின்வாங்காமல், ஆலயத்துக்குள்ளேயே இருந்து கேட்டார். அந்தப் பட்டப்பெயர் அவருக்குக் கிடைத்தது இதனால்தான்.

அவருக்கு வேறு வழிகளே இல்லாமல் இருக்கவில்லை. அருகிலேயே மலபாரி யூதர்களின் ஜெப ஆலயங்கள் இருந்தன. வசதியும் செல்வாக்கும் உள்ள வழக்கறிஞர் அவர்; சமயமே வேண்டாம் என்று ஒதுங்கியும் இருக்கலாம். ஆனால் அவர் கேட்டது சலுகை இல்லை. யூத சட்டம் ஏற்கெனவே கொடுத்துவிட்ட ஒன்றைத்தான் கேட்டார். நானூறு ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவில் எழுதப்பட்ட தீர்ப்பு அவர் பக்கம் இருந்தது. ஆகவே, ஆலயத்தை எதிர்த்துப் போராடுபவராக அல்லாமல் ஆலயத்தின் சட்டத்துக்காகப் போராடுபவராக அவரால் நிற்க முடிந்தது. அவர் போராட்டத்தின் வலிமை இதில்தான் இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

தடைகள் மெல்லத் தளர்ந்தன. 1937இல் கொச்சிக்கு வந்து யூதர்களின் வாழ்க்கையை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் மண்டெல்பாம், பழைய கட்டுப்பாடுகள் பல கைவிடப்பட்டிருந்ததைப் பதிவு செய்தார். ஒரு நாளில் கிடைத்த வெற்றி அன்று. வயதானவர்கள் முணுமுணுத்தார்கள், இளையவர்கள் பழகிக்கொண்டார்கள். ஆயினும் ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். திருவிதாங்கூரில் ஆலய நுழைவுப் பிரகடனம் 1936இல் வந்தது. கொச்சி இராச்சியத்துக் கோயில்கள் எல்லாருக்கும் திறக்க அதற்குப் பிறகும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பக்கத்து ஜெப ஆலயத்தில் அதற்கு முன்பே மாற்றம் தொடங்கிவிட்டது.

திருமணம் மட்டும் பிடிவாதமாக நின்றது. பெஞ்சில் உட்கார இடம் விடுவது வேறு, சம்பந்தம் செய்வது வேறு. 1950 வாக்கில் சேலத்தின் மகன்களில் ஒருவர் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். மெஷுக்ராரிமுக்கும் வெள்ளை யூதருக்கும் இடையே கொச்சியில் அப்படி ஒரு திருமணம் அதுவரை ஏற்கப்பட்டதில்லை. தெருவே கொந்தளித்தது. அப்போது சேலத்துக்கு வயது அறுபத்தெட்டை நெருங்கியிருந்தது. சட்டமன்றத்தில் இரண்டு முறை உறுப்பினராக இருந்தவரின் மகன், அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர், இன்னமும் வெளியாளாகவே பார்க்கப்பட்டார்.

நம் தோட்டத்திலும் ஒரு முன்கூடம்

இதைப் படித்தபோது எனக்கு என் பாட்டியின் நினைவு வந்தது. என் பாட்டி பிறப்பால் சீனர். அவசரகாலத்தின் தொடக்கத்தில், பேராக் மாநிலத்தின் செம்மோர் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பம் அவரைக் கைக்குழந்தையாக எடுத்து வளர்த்தது. பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுத்துவிடுவது அக்காலத்தில் பேராக்கில் பல இடங்களில் நடந்ததுதான். பாட்டிக்குச் சீனமொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆயாக்கொட்டகையில் தமிழ்த் தாலாட்டு கேட்டு வளர்ந்தார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தார். தமிழரை மணந்தார். ஆண்டுதோறும் தைப்பூசத்துக்கு ஈப்போ புந்தோங்கிலிருந்து கல்லுமலை முருகன் ஆலயம் வரை பால்குடம் ஏந்தி நடந்தார். எனக்கு அ, ஆ எழுதிக் கொடுத்தவரும் அவர்தான்.

அப்படியும் தோட்டத்தில் அவருக்கு வழங்கிய பெயர் சீனத்தி. நான் கேட்டவரை அதில் வெறுப்பு இல்லை, பாசமாகத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் தோட்டத்து அம்மன் கோயில் திருவிழாவில் முளைப்பாரி எடுக்கும் பெண்களின் பட்டியலில் ஒருமுறைகூட அவர் பெயர் வந்ததில்லை என்று அத்தை சொல்வார். அத்தைக்கு வரன் பார்த்தபோது, வந்தவர்கள் எல்லாம் பேசி முடித்துவிட்டு, பெண்ணின் தாய் எந்த வகையறா என்று கேட்டு எழுந்து போனார்களாம். இன்று அந்தத் தோட்டம் செம்பனைக்காடாகிவிட்டது. லயத்து வீடுகள் இல்லை. மக்கள் தாமான்களில் சிதறிக் குடியிருக்கிறார்கள். பாட்டி நான் ஐந்தாம் படிவம் படித்தபோது காலமானார். பெண்கள் கூடி ஒப்பாரி வைத்தார்கள். அப்போதும் யாரோ ஒரு மூதாட்டி, சீனத்தியாகப் பிறந்தும் நல்ல மனுஷி என்ற பொருளில் ஏதோ சொன்னார். எழுபது ஆண்டு வாழ்ந்த பிறகும் அவர் வந்தவராகவே இருந்தார்.

நம்மிடம் மதம் மாறுவதற்கு முழுக்குக் குளமோ நீதிமன்றமோ இல்லை. வரவேற்கிறோம் என்று வாயாரச் சொல்லிவிடுகிறோம். ஆனால் முன்கூடம் நம்மிடமும் இருக்கிறது. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாரும் எழுதி வைக்காததால், அதற்குள் நிற்பவரால் வழக்குத் தொடுக்கவும் முடிவதில்லை. சேலத்துக்குச் சுட்டிக்காட்ட ஒரு தீர்ப்பாவது இருந்தது. என் பாட்டிக்கு அதுவும் இல்லை.

வழியனுப்பிவிட்டுத் தங்கியவர்

1933இல் சேலம் பாலஸ்தீனத்துக்குச் சென்று வந்தார். யூதர்களுக்குத் தாயகம் வேண்டும் என்ற எண்ணம் அவரை ஈர்த்தது. 1948இல் இஸ்ரேல் உருவான பிறகு கொச்சி யூதர்கள், சிறப்பாக மலபாரிகள், அங்கே போக விரும்பினார்கள். ஏழைகள் பலர் வீடு வாசலை விற்றுவிட்டுக் காத்திருந்தார்கள். ஆனால் இஸ்ரேல் தயங்கியது. கேரளக் கரையில் பரவியிருந்த யானைக்கால் நோய் தங்கள் நாட்டுக்கும் வந்துவிடுமோ என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். 1953இல் சேலம் இஸ்ரேலுக்கே நேரில் சென்று அவர்களுக்காகப் பேசினார். அடுத்த இரண்டொரு ஆண்டுகளில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் புறப்பட்டுப் போனார்கள். அனைத்துப் பிரிவினரும் சேர்ந்து சுமார் 2,400 பேர் கொண்ட சிறு சமூகம் அது. நெகேவ் பாலைவனத்தின் நெவாத்திம் போன்ற ஊர்களில் அவர்கள் நிலம் உழுது வேரூன்றினார்கள்.

தாயகம் சென்ற பிறகும் இந்திய யூதர்களை அந்தப் பழைய கேள்வி விடவில்லை. 1960களின் தொடக்கத்தில், மராட்டியக் கரையிலிருந்து சென்ற பெனே இஸ்ரேல் பிரிவினர் மணம் செய்துகொள்ள வந்தால் அவர்களுடைய முன்னோரை விசாரிக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சமயத் தலைமை உத்தரவிட்டது. அவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1964இல் அந்தத் தனிப்பட்ட உத்தரவு கைவிடப்பட்டது. பிற்காலத்தில் எத்தியோப்பிய யூதர்களும் இதே போன்ற போராட்டத்தை நடத்த வேண்டியிருந்தது. மணிப்பூர், மிசோரமைச் சேர்ந்த பெனே மெனாசே மக்களை இஸ்ரேலின் தலைமை குரு 2005இல் இஸ்ரவேலின் வழித்தோன்றல்கள் என்று ஏற்றுக்கொண்டார். ஆயினும் முறைப்படி மதமாற்றம் செய்துகொள்ளவே வேண்டும் என்றார்.

சேலம் எல்லாரையும் அனுப்பி வைத்தார். தாம் மட்டும் போகவில்லை. எந்தத் தெருவில் தரையில் உட்கார வைக்கப்பட்டாரோ, அந்த யூதத் தெருவின் ஊரிலேயே தங்கி 1967இல் காலமானார். இன்று மட்டாஞ்சேரி யூதத் தெருவில் ஏ.பி. சேலம் சாலை என்ற பெயரைக் காணலாம். நீல ஓடு பதித்த ஆலயத்தைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து வருபவர்கள் அவர் பெயர் தாங்கிய சாலையில் நடந்துதான் உள்ளே போகிறார்கள்.

நமக்கு உரிய பாடம்

யூத முறைப்படி கூட்டு ஜெபம் நடத்தப் பத்து ஆண்கள் வேண்டும். பரதேசி ஜெப ஆலயத்தில் இன்று உள்ளூர் யூதர்களைக் கொண்டு அந்தப் பத்தை நிரப்ப முடியாது. வெளியூரிலிருந்து யூதப் பயணிகள் வந்தால்தான் உண்டு. இதற்கு முதன்மையான காரணம் இஸ்ரேலுக்கும் பிற நாடுகளுக்கும் நடந்த குடிப்பெயர்ச்சி. அதை மறைக்கக் கூடாது. ஆனால் அதற்கு முன்பே, யாரோடு சேரக் கூடாது என்று எண்ணி எண்ணித் தங்கள் வட்டத்தை அவர்களே குறுக்கிக்கொண்டார்கள். அருகிலேயே வேறு யூதர்கள் பலர் இருந்தபோதும், தங்கள் சிறு வட்டத்துக்குள்ளேயே மாப்பிள்ளை தேடினார்கள்.

மலேசியத் தமிழர்களாகிய நாமும் சிறுபான்மையினர். தோட்டங்கள் மறைந்துவிட்டன, தமிழ்ப்பள்ளிகளில் பல, மாணவர் பற்றாக்குறையால் தவிக்கின்றன. அந்தப் பள்ளிகளில் சில இடங்களில் பிற இனத்துப் பிள்ளைகளும் நம் மொழியைக் கற்கிறார்கள். கலப்புத் திருமணம் செய்த வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் நம் கழக நிகழ்ச்சிகளில் கவிதை சொல்கிறார்கள். கைதட்டுகிறோம், பத்திரிகையில் படம் போடுகிறோம். அடுத்த ஆண்டு அதே பிள்ளை செயலவைத் தேர்தலில் நின்றால் வாக்களிப்போமா? பத்தாண்டு கழித்தும், தமிழ் பேசும் சீனப் பிள்ளை என்று வியந்துகொண்டே இருப்போமா, அல்லது நம் பிள்ளை என்று சொல்லப் பழகிவிடுவோமா? வியப்பும் ஒருவகை முன்கூடமே. அங்கேயும் உட்கார்ந்தவரை உள்ளே கூப்பிடுவதில்லை.

இதை இந்நாள் மாணவர்களும், திருமண வயதில் பிள்ளைகளை வைத்திருக்கும் முன்னாள் மாணவர்களும் சிந்தித்துப் பார்க்க வேண்டுகிறேன். கதவைத் திறந்துவிட்டோம் என்ற பெருமை போதாது. ஒருவர் வந்து எத்தனை தலைமுறை ஆனால் அவர் வந்தவராக இல்லாமல் இருப்பவராக ஆவார் என்ற கேள்விக்கு ஒவ்வொரு சமூகமும் விடை சொல்லியாக வேண்டும். யூத சட்டம் சொன்ன விடை, முழுக்கிலிருந்து எழுந்த அந்த நொடியே என்பது. கொச்சி வழக்கம் சொன்ன விடை, ஒருபோதும் இல்லை என்பது. இந்த இரண்டுக்கும் இடையிலிருந்த தூரத்தைத் தம் வாழ்நாளில் நடந்து கடக்க முயன்றவர் ஆபிரகாம் பராக் சேலம். கடைசி சில அடிகளை அவர் மகன் நடந்தார்.

நம் விடை என்ன என்பதை நாம்தான் எழுத வேண்டும்.